மச்சானிடம் கற்ற பாதி மூச்சு

என் தங்கையின் கணவர் ஆதம்பாவா ஒழுங்காக மூச்சுவிடப் பழகிக்கொண்டிருந்தார். அதை நான் நிறுத்தினேன். பள்ளிவாசலில், ஊரார் முன்னிலையில் வைத்து நிறுத்தினேன். என் நெஞ்சு வருத்தத்தைப் பற்றி எழுதச் சொல்லிச் சிலர் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகப் பயந்துகொண்டிருப்பவர்களுக்கு உதவும் என்கிறார்கள். எழுதலாம். ஆனால் முதலில் இதைச் சொல்லாமல் மற்றதை எழுத எனக்கு வராது.

சூறாவளி அடித்துப் போன மறு வருஷம். ஆதம்பாவா மருதமுனைக்காரர், நெசவாளர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அவரும் தறியோடு கல்முனைக்குடிக்கு வந்து, தங்கை பாத்தும்மாவுக்குக் கொடுத்த வீட்டின் பின்னால் கொட்டில் போட்டு நெய்தார். அவருக்கு முட்டு வருத்தம். நூல் பிசிரும் தூசியும் நெஞ்சில் ஏறி, மழைக்காலத்தில் மூச்சு இழுபடும் சத்தம் வேலியைத் தாண்டி என் வீட்டுக்குக் கேட்கும்.

ஒருநாள் பல் பிடுங்கக் கல்முனைக் கடைத்தெருவுக்குப் போனார். அங்கே சீனர் ஒருவர் பல் கட்டும் கடை வைத்திருந்தார். தகப்பன் காலத்தில் துணி மூட்டை சுமந்து விற்க வந்து, இந்த மண்ணிலேயே தங்கிவிட்ட குடும்பம். கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்த ஆதம்பாவாவால் அப்படியே இருக்க முடியவில்லை. மூச்சு முட்டி எழுந்துவிட்டார். சீனர் பல் பிடுங்கும் குறட்டைக் கீழே வைத்துவிட்டு, பல் ஓடிப்போகாது, முதலில் மூச்சைப் பார்ப்போம் என்றாராம். அப்படித்தான் மச்சான் சீகொங் படிக்கத் தொடங்கினார். சீ என்றால் மூச்சு, உடம்பை ஓட்டுகிற காற்று. கொங் என்றால் பழகப் பழகக் கைக்கு வருகிற வேலை. நின்ற இடத்தில் நின்று, கைகளை மெல்ல ஏற்றி இறக்கி, மூச்சை அதனோடு போகவிட வேண்டும். பார்க்கிறவனுக்கு அதில் ஒன்றும் இருக்காது.

விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு கடற்கரைக்குப் போய் அதைச் செய்வார். சில மாதத்தில் வேலிக்கு அப்பால் அந்தச் சத்தம் குறைந்துவிட்டது. குறைந்தது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன்.

அந்த வருஷம் என் தாய்மாமன் மௌத்தானார். எங்கள் ஊர்களில் குடி என்பது தாய்வழியாக வருவது. ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் உண்டு, அந்தக் குடியின் குடும்பங்களுக்கு அவர்தான் பொறுப்பு. மாமனின் இடம் எனக்கு வந்தது. நான் பாடசாலை அதிபர், படித்தவன். புது மரைக்கார் கண்டிப்பானவர், தன் வீட்டிலிருந்தே தொடங்கிவிட்டார் என்று பேர் வாங்க எனக்கு ஆசை இருந்தது. அப்போது இரண்டு பேர் வந்து, உங்கள் மச்சான் கடலைப் பார்த்துக் கையை ஏந்துகிறார் என்று சொன்னார்கள். எங்களுக்குக் கடல் கிழக்கே, தொழும் திசையான கிப்லா மேற்கே. விடியும் நேரம், முதுகு கிப்லாவுக்கு, முகம் எழும்பும் சூரியனுக்கு. சூரியனை வணங்குகிறார் என்று சொல்ல எனக்கு அது போதுமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவரை மரைக்கார்மார் முன்னால் கூப்பிட்டேன். தொழ வந்தவர்கள் கலையாமல் நின்றார்கள்.

"கிழக்கப் பாத்துக் கையத் தூக்கி நிக்கிறீங்களாம். இது என்ன மச்சான்?"

"மூச்சுக்குத்தான் மச்சான்."

"மூச்சுவிடக் கிழக்குத் திசை வேணுமா? மேற்குப் பக்கம் காத்தில்லையா?"

பின்னால் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்புப் பிடித்திருந்தது. பள்ளி மௌலவி மெல்லச் சொன்னார்: "மரைக்கார், நிய்யத் என்னெண்டு ஒருக்காக் கேட்டுப் பாருங்களன்." நிய்யத் என்றால் மனதில் வைத்த எண்ணம். நான், "கண்ணால கண்டதுக்கு நிய்யத் என்னத்துக்கு?" என்றேன். ஆதம்பாவா தலைகுனிந்து, பாவமன்னிப்புக் கேட்டுத் தௌபாச் சொன்னார். இனிச் செய்யமாட்டேன் என்றும் சொன்னார். என் தங்கை பல நாள் என்னோடு கதைக்கவில்லை. சீனரின் கடைக்கும் ஆட்கள் போவதைக் குறைத்தார்கள். அடுத்த நோன்புக்கு முன்பே கடை பூட்டிக் கிடந்தது. மழைக்காலம் வந்ததும் வேலிக்கு அப்பால் அந்தச் சத்தம் திரும்ப வந்தது. நான் யன்னலைச் சாத்திக்கொண்டேன்.

என் வருத்தம் அதற்குச் சில வருஷங்களுக்குப் பிறகு வந்தது. நான் ஓய்வுபெற்றிருந்த காலம். பின்னேரமானால் காய்ச்சல், விடிந்தால் நனைந்த தலையணை. வலது விலாவில் ஒரு குத்து. வாய்வு என்றேன். என் மனைவி ஆசியா உம்மா உள்ளி அவித்துத் தந்து பார்த்தாள், பிறகு கோபித்தாள். "சாரன் இடுப்பில நிக்குதில்ல, இன்னும் வாய்வாம் வாய்வு." ஒருநாள் சேட்டுப் பொத்தானைப் போடுவதற்குள் மூச்சு வாங்கியது. அன்றே காரொன்றைப் பிடித்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் பழகவேண்டியது நீண்ட மரவாங்கில் உட்கார்ந்து காத்திருப்பது. எக்ஸ்ரேக்கு ஒரு வாங்கு, சளி கொடுக்க ஒரு வாங்கு, டாக்டருக்கு ஒரு வாங்கு. அதிபராக இருந்த காலத்தில் எத்தனையோ தகப்பன்மாரை என் அறைக்கு வெளியே அப்படி இருத்தி வைத்திருக்கிறேன். யாரும் என்னைப் பார்த்து எழும்பவில்லை. எழும்பினால் இடம் போய்விடும்.

எக்ஸ்ரேயை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். யாழ்ப்பாணத்து இளைஞர், பொறுமையானவர். இடது நெஞ்சு கறுப்பாகத் தெரிந்தது. கறுப்பு என்றால் காற்று, அதுதான் நல்லது. வலது நெஞ்சு பாதிக்குமேல் வெள்ளை. நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் இருக்கின்றன, இடையில் நீர் கோத்து நுரையீரலை நசுக்கிவைத்திருக்கிறது என்றார். நீரை எடுக்க என்னை ஒரு மேசைமேல் குனிந்து சாயவைத்து, முதுகில் விலா எலும்புகளுக்கு நடுவே ஊசியை இறக்கினார்கள். மரக்க மருந்து போட்டதால் நோவு பெரிதில்லை. பயம்தான் பெரிது. வந்த நீர் வெறும் தேயிலைச் சாயம்போல இருந்தது. அதைச் சோதித்துவிட்டுக் கசம், காசநோய்தான் என்றார்கள். வீட்டில் அந்தச் சொல்லை ஒருவரும் வாயால் சொல்லவில்லை. என் கோப்பையைத் தனியாகக் கழுவினார்கள், அவ்வளவுதான். அதைக் கண்டும் காணாததுபோல் இருக்க ஆசியா உம்மா பட்ட பாடு எனக்குத் தெரியும்.

தினம் ஊசி. காலையில் ஒரு கை நிறையக் குளிசை. முதல் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதும் நான் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பக்கத்துக் கட்டிலில் இஸ்மாலெவ்வை என்றொருவர், சாய்ந்தமருதில் கரைவலை இழுக்கிறவர். "பயப்படாதங்க சேர், அது குளிசைட கலர். முதல் நாள் நானும் சாகப் போறனெண்டு கலிமாவச் சொல்லிட்டுத்தான் படுத்த" என்றார். அந்த வார்டில் எனக்கு உண்மையான ஆறுதல் அவரிடமிருந்துதான் வந்தது.

ஆஸ்பத்திரியில் காசு கேட்கவில்லை. ஆனால் கார், பஸ், வெளியில் வாங்கிய மருந்து என்று ஆசியா உம்மாவின் காதும் கழுத்தும் மெல்ல மெல்ல வெறுமையாயின. அவள் வராத நாட்களில் பாத்தும்மா வருவாள். கஞ்சியும் மீன் ஆணமும் கொண்டுவந்து, நான் தின்று முடிக்கும்வரை முந்தானையால் ஈ விரட்டிக்கொண்டிருப்பாள்.

நீர் வற்றியது. நுரையீரல் விரியவில்லை. நீர் இருந்த இடத்தில் உறை தடித்து நுரையீரலைக் கட்டிப்போடப் பார்க்கிறது என்றார் டாக்டர். மூச்சுப் பயிற்சி செய்து விரிக்கவேண்டும், விரியாவிட்டால் கொழும்புக்கு அனுப்பி நெஞ்சைத் திறந்து உறையை உரிக்கவேண்டி வரும். "உங்கட வயசுக்கு அதைத் தவிர்த்தால் நல்லது ஐயா" என்றார். நெஞ்சைத் திறப்பது என்ற சொல் என்னோடு வந்து கட்டிலில் படுத்துக்கொண்டது. புரண்டாலும் அது பக்கத்தில் கிடந்தது.

பயிற்சிக்கு வார்டுத் தாதி மிஸ்ஸி ஒரு பலூன் கொடுத்தார். சிவப்புப் பலூன். நான் ஊதினேன். கழுத்து நரம்பு புடைத்தது, இருமல் வந்தது, பலூன் சுருங்கிய மாதிரியே இருந்தது.

"என்ன சேர், பெருநாளைக்குப் பலூன் கடை போடுற எண்ணமா? என்னையும் பங்குக்குச் சேருங்க" என்றார் இஸ்மாலெவ்வை.

பாத்தும்மாவுக்குக் காய்ச்சல் வந்ததால் ஒருநாள் ஆதம்பாவா தனியாக வந்தார். பஸ்ஸால் இறங்கி நடந்த மூச்சு வாங்க, கஞ்சிப் போகணியை மேசையில் வைத்துவிட்டு வாங்கில் இருந்தார். எங்களுக்குள் சலாமுக்குமேல் பேச்சு இல்லாத காலம் அது. நான் பலூனை எடுத்து ஊதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் தடவை நான் இருமி முடித்ததும் சொன்னார்:

"ஊதாதங்க மச்சான்."

"டாக்டர் சொன்ன."

"டாக்டர் சொன்னது சரி. நீங்க ஊதுற விதம் பிழை. தோள்பட்டதான் ஏறுது. உள்ளுக்கு ஒண்டும் போகல்ல."

பிறகு எழும்பி வந்து, என் சேட்டை விலக்கி, தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையை வைத்தார். கசம் பிடித்த உடம்பு என்று என் பேரப்பிள்ளைகளைக் கூடக் கிட்ட விடாத நாட்கள். அந்தக் கை சூடாக இருந்தது, தறி பிடித்த காய்ப்போடு.

"இந்தக் கைய மேல தள்ளுங்க. நெஞ்சால இல்ல, வயித்தால. ம்ம். இனி விடுங்க. நீளமா விடுங்க. முழுசா விட்டீங்கண்டா உள்ள வாறது தன்னால வரும்."

இப்படிச் செய்யலாமா என்று மறுநாள் டாக்டரிடம் கேட்டேன். மூச்சு வாங்காத அளவுக்குச் செய்யுங்கள், தலை சுற்றினால் நிறுத்திவிட்டு உட்காருங்கள் என்றார். ஆதம்பாவா அதற்குப் பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் வரத் தொடங்கினார். ஏன் வந்தார் என்று நான் கேட்கவில்லை. தங்கை அனுப்பியிருப்பாள் என்று வைத்துக்கொண்டேன்.

வார்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம் நின்றது. முதல் நாள் அதன் கீழே என்னைக் கொண்டுபோய் நிறுத்தினார். நான் யோசிக்காமல் கேட்டேன்: "எந்தப் பக்கம் பாத்து நிக்கிற மச்சான்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "அத நீங்கதான் சொல்லணும். மரைக்கார் நீங்கதானே."

சிரிக்கவில்லை. கோபமும் குரலில் இல்லை. நான் எனக்கு முன்னால் இருந்த மதிலைப் பார்த்து நின்றேன்.

சீகொங்கில் புதியவன் படும் பாடு கேலிக்குரியது. கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி நில் என்பார்கள். எளிதாகத் தோன்றும். சற்று நேரத்தில் தொடை நடுங்கும். நாக்கு நுனி மேலண்ணத்தில் தொட்டிருக்க வேண்டும். தோளை இறக்கு என்றால், அதுவரை ஏறியிருந்ததே அப்போதுதான் தெரியும். கைகளை வயிற்றுக்கு முன்னால் வளைத்துப் பிடிக்கவேண்டும்.

"தண்ணிக் குடமொண்டக் கட்டிப் பிடிச்சிரிக்கிற மாதிரி. இறுக்கவும் கூடா, விடவும் கூடா."

மூச்சு உள்ளே வரும்போது கைகள் நெஞ்சுவரை ஏறும், வெளியே போகும்போது உள்ளங்கை கீழ்நோக்கி இறங்கும். கை மூச்சை இழுக்கக் கூடாது, மூச்சு கையை ஏற்ற வேண்டும். எனக்கு இரண்டும் ஒன்றையொன்று முந்தின. கொட்டாவி வந்தது. மூக்கு அரித்தது. வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை அசையாமல் நில் என்று அதட்டியவனுக்கு நிற்க முடியவில்லை. ஒருநாள் காரணமில்லாமல் கண்ணீர் வடிந்தது. வெட்கத்தோடு துடைத்தேன்.

"துடைக்காதங்க. எனக்கும் வந்த. அது போகும்" என்றார்.

வார்டு யன்னலில் இஸ்மாலெவ்வை நின்று பார்ப்பார். "சேர் ஆருக்கோ அடிக்கப் போறார், ஆனா ஆள் இன்னும் வரல்ல" என்பார்.

இதை எழுதினால் சீகொங்தான் கசத்தைச் சுகப்படுத்தியது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சுகப்படுத்தியது ஊசியும் குளிசையும்தான். அவற்றை வீட்டுக்கு வந்தும் மாதக்கணக்கில் விடாமல் விழுங்கினேன், நீங்களும் விழுங்கவேண்டும். ஆனால் நசுங்கிப்போன நுரையீரலுக்கு மெல்ல இடம் விட்டது அந்த மூச்சு. ஒரு காலையில், கைகள் இறங்கும்போது, வலது விலாவுக்குள் ஏதோ ஒட்டியிருந்தது விடுபடுவதுபோல் இருந்தது. நான் தைரியம் வந்து கேட்டேன்:

"இது கைக்கு வந்திட்டு மச்சான். அடுத்தது என்ன?"

"அடுத்தது எனக்குத் தெரியா."

"ஏன், இன்னும் இரிக்கி எண்டு சொன்னீங்களே?"

"இரிக்கி. இது தொடக்கம்தான். திரும்புறது ஒண்டு இரிக்கி, நடக்கிறது ஒண்டு இரிக்கி. அடுத்த கிழமை காட்டுறன் எண்டு சீனத்து டாக்டர் சொன்ன. அந்த வெள்ளிக்கிழமைதான் நீங்க என்னப் பள்ளிக்குக் கூப்பிட்ட."

அவர் போகணியை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். அவரிடம் நான் விட்டுவைத்தது எவ்வளவோ, அவ்வளவுதான் எனக்கும் கிடைத்தது. அதையும் அவர் மறைக்காமல் தந்திருந்தார்.

அடுத்த எக்ஸ்ரேயில் வலது பக்கம் கறுப்பு இறங்கி வந்திருந்தது. "நல்லா விரிஞ்சிருக்கு ஐயா. கொழும்புக்குப் போகத் தேவையில்லை. என்ன செய்தனீங்கள்?" என்றார் டாக்டர். வாங்கில் ஆதம்பாவா இருந்தார். "என்ட மச்சான் மூச்சுவிடப் படிப்பிச்ச" என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து நடக்கத் தெம்பு வந்ததும் சீனரைத் தேடினேன். மீதியைக் கேட்டு வந்து மச்சானுக்குக் கொடுக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். கல்முனையில் அவர் கடை இருந்த இடத்தில் செருப்புக் கடை. பதுளையில் சொந்தக்காரர் இருக்கிறார் என்றார்கள், பஸ் ஏறிப் போனேன். அவரும் பல் கட்டுகிறவர். தேடிய ஆள் மகளோடு வெளிநாட்டுக்குப் போய்விட்டார், விலாசம் தெரியாது என்றார். சீகொங் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "எனக்குப் பல்லு மட்டும்தான் ஐயா" என்று சிரித்தார். வந்த பயணம் வீண்போகாமல் என் கடைவாய்ப் பல்லொன்றைப் பிடுங்கிவிட்டார்.

இனி ஒன்றுதான் மிச்சம் என்று நினைத்தேன். ஒரு ஜும்ஆவுக்குப் பிறகு, ஆதம்பாவாவை நிறுத்திய அதே தூணடியில் நின்று, ஊரார் முன்னால் சொன்னேன். என் மச்சான் செய்தது வணக்கமல்ல, வருத்தத்துக்குப் பார்த்த கைமருந்து. நான் கேட்காமல் தீர்ப்புச் சொன்னேன். அவரிடமும், இந்த ஊரில் பிழைக்க வந்த அந்தச் சீனரிடமும் குற்றம் செய்தேன். மரைக்கார் இடத்தை என் தம்பியிடம் விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். சிலர் முஸாபஹாச் செய்து கையைப் பிடித்தார்கள். காய்ச்சல் மூளைக்கு ஏறிவிட்டது என்று சிலர் சொன்னது பிறகு காதுக்கு வந்தது. ஆதம்பாவா அன்று பள்ளியில் இல்லை, மருதமுனைக்குப் போயிருந்தார். நான் நெஞ்சு இலேசாகி வீட்டுக்கு வந்தேன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, ஒரு காலையில் அவர் வேலிக் கடப்பைத் தாண்டி வந்தார். மூச்சு இழுத்தது.

"என்ட பேர ஏன் திரும்பப் பள்ளிக்குள்ள எடுத்தீங்க?"

"நான் செய்த பிழையச் சொன்ன மச்சான்."

"உங்கட பிழையச் சொன்னீங்க, சரி. ஊர் மறந்து கிடந்த. இப்ப சந்தைக்குப் போனா, 'கைய ஏத்துங்க பாப்பம்' எண்டு பொடியன்மார் கேக்கிறானுகள். முதலும் என்னக் கேக்காமச் செய்தீங்க. இப்பவும் என்னக் கேக்காமத்தான் செய்திரிக்கீங்க."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். ஆசியா உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் குடிக்கவில்லை. போகத் திரும்பியபோதுதான், மௌலவி அன்று கேட்கச் சொன்னதை, அத்தனை வருஷத்துக்குப் பிறகு கேட்டேன்.

"மச்சான், அப்ப ஏன் கடலப் பாத்து நிண்டீங்க?"

கடப்படியில் நின்றார். திரும்பவில்லை.

"வெக்கம். ஊர்ப்பக்கம் பாத்து நிண்டா, பாக்கிற சனத்திட முகம் தெரியும். கடலுக்குத் திரும்பினா ஒருத்தரும் தெரியாது."

போய்விட்டார்.

அன்றிலிருந்து சுபஹுக்குப் பிறகு நான் கடற்கரைக்குப் போகிறேன். டாக்டரும் விடாமல் செய்யச் சொல்லியிருக்கிறார். பொடியன்மார் என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அவரை விட்டுவிடட்டும் என்பதும் ஒரு எண்ணம். அவர்கள் சிரித்தார்கள், பிறகு அலுத்துப்போனார்கள். நாட்டில் குழப்பம் வந்து கடற்கரைக்குப் போகமுடியாத காலங்களும் இருந்தன. அப்போது வீட்டு வளவுக்குள் நின்றேன். பதினைந்து வருஷம் பழகினாலும் தொடக்கக்காரனாகவே இருக்கப்போகிறேன். எனக்குத் தெரிந்தது அந்த ஒன்றுதான், அதற்கு அடுத்தது எங்கள் ஊரில் யாருக்கும் தெரியாது.

ஆதம்பாவா நெடுநாள் வரவில்லை. போன மாரி கழிந்த பிறகு, ஒரு காலையில் தோணிகளுக்கு அப்பால் ஆள் ஒன்று நிற்பது தெரிந்தது. கிட்ட வரவில்லை. கை ஏறி இறங்கும் விதத்தில் அவர் என்று கண்டேன். இப்போது வசதியான நாட்களில் வருகிறார். சலாம் சொல்வதில்லை. அவர் தன் இடத்தில் நிற்கிறார், நான் என் இடத்தில் நிற்கிறேன், இரண்டு பேரும் கடலைப் பார்த்துத்தான். அப்படி நின்றால் அவர் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை.